செவ்வாய்க்கிழமைப் பேச்சு

அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து, செஞ்சியை விட்டுத் திண்டிவனத்துக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸில் செவ்வாய்க்கிழமை தவறாமல் ரோஷன் பீ ஏறினாள். கூடவே அவள் மூத்த மகள் சாஜிதா. பதினாறு வயது. முக்காட்டுக்குள் முகம் சின்னதாகிப் போயிருந்தது. பஸ் படியில் கால் வைக்கும்போது கம்பியைப் பிடிக்கிற மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரே ஒருநாள் கேட்டுவிட்டான்.

"இன்னா பாயம்மா, வாரா வாரம் எங்கதான் போறீங்க?"

"பொண்ணுக்கு ரத்தம் கொறவு. பாண்டில ஊசி போடறாங்க."

ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அதை வெளியே சொல்லக் கூசித்தான் அந்தப் பொய். திண்டிவனத்தில் பஸ் மாறிப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, தாழ்வாரத்துக் கடைசி அறையில் ஒரு லேடி டாக்டரோடு பேசிவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான் வைத்தியம். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தமக்குத்தாமே சிரித்தார்கள். சிலர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். தெரிந்தவர் யாராவது இந்தப் பெஞ்சில் நம்மைப் பார்த்துவிட்டால் சாஜிதாவுக்கு எந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்று நினைத்து ரோஷன் பீ முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள்.

அவள் புருஷன் அன்வர் பாஷாவுக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே வாடகை சைக்கிள் கடை. பதினோரு சைக்கிள். சிங்கவரம், தொண்டூர் ஆட்கள் டவுனுக்கு வந்தால் அவர் கடையில்தான் மணிக்கணக்கில் சைக்கிள் எடுப்பார்கள். ரோஷன் பீ வீட்டில் மல்லாட்டை உடைத்தாள். மண்டியிலிருந்து வேர்க்கடலை மூட்டை வரும். காயில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மூங்கில் பத்தையில் கவ்வி உடைத்து, பயறு வேறு தோல் வேறாகப் புடைத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவும் வந்து சேர்ந்துகொள்வாள். உடைக்கிறவர்கள் நாலு பயறு வாயில் போட்டுக்கொள்வதை மண்டிக்காரர் கண்டுகொள்ளமாட்டார். சாஜிதாவும் உடைப்பாள், மற்றவர்களைவிட வேகமாக. ஒரு பயறும் வாய்க்குப் போகாது.

தொடங்கியது அதற்கு முந்தின ரமலானில். அரிசி கிடைக்காமல் ஊரே தவித்த காலம். ரேஷன் கடை வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்று, புழுத்த அரிசியை வாங்கி வந்து, கேழ்வரகோடு சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. சாஜிதா முப்பது நோன்பும் பிடித்தாள். நோன்பு துறந்தபிறகும், "எனக்குப் போதும்மா, முன்னிக்குக் குடு" என்று தட்டைத் தங்கச்சி பக்கம் தள்ளினாள். முன்னிக்கு எட்டு வயது, எவ்வளவு போட்டாலும் போதாது. ரோஷன் பீக்கு மகளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. பள்ளிவாசல் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பெருநாள் வந்தது, போனது. அரிசியும் ஒருவாறு கிடைத்தது. சாஜிதா திங்கள், வியாழன் நோன்பு என்றாள். பிறகு கஞ்சி மட்டும் என்றாள். பிறகு கஞ்சித் தண்ணி. வைகாசியில் மாதவிலக்கு நின்றுபோயிற்று. ரோஷன் பீ பயந்த பயம் வேறு. நல்லவேளை அது இல்லை. செஞ்சி டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், சளியைச் சோதித்தார், பூச்சி மருந்து கொடுத்தார். தர்காவில் ஓதிக் கட்டின கயிறு கையில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கடைசியில்தான் செஞ்சி டாக்டர் பாண்டிச்சேரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சுந்தராம்பாளுக்கு நாற்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, வெள்ளைக் கைத்தறிப் புடவை. முதலில் சாஜிதாவை எடைமெஷினில் நிற்கவைத்தாள். எழுபத்து நாலு பவுண்டு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் அவளோடு பேசினாள். அப்புறம் கால் மணி நேரம் ரோஷன் பீயோடு.

சாத்தின கதவுக்கு வெளியே இருப்பதுதான் ரோஷன் பீக்குப் பெரிய கஷ்டம். உள்ளே இன்னா சொல்றாளோ? அம்மா திட்டினா என்கிறாளா, அடிச்சா என்கிறாளா? திரும்பும் பஸ்ஸில் கேட்டுப் பார்ப்பாள்.

"டாக்டரம்மா இன்னா கேட்டாங்க?"

"சைக்கிள் கடையப் பத்தி."

"சைக்கிள் கடையா? வேற?"

"பஞ்சர் எப்படி ஒட்றதுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

மூன்றாவது வாரம் கடையை அடைத்துவிட்டு அன்வர் பாஷாவே வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. பேசினா பசி வந்துடுமா? ஒரு டானிக்கு, ஒரு மாத்திரை, ஒண்ணும் எழுதித் தரலியே நீங்க?"

"மாத்திரை இருந்தா முதல் நாளே குடுத்திருப்பேன், பாய்."

"அப்ப இந்தப் பேச்சுல சரியாயிடுமா?"

"சில பேருக்கு ஆகுது. சில பேருக்கு ஆகறதில்ல. எல்லாருக்கும் ஆகும்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

அன்வர் பாஷாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லாத டாக்டரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வார்டுல சேத்துக்கிட்டா?"

"மூக்குல குழாய் விட்டுப் பாலை ஊத்தலாம். உயிர் நிக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இதேதான். அவ சாப்பிட வேண்டியது உங்க வீட்ல, உங்களோட. அதனால வந்து போய்ப் பாக்கறதுதான் நல்லது, உடம்பு தாங்கறவரைக்கும்." சீட்டில் ஒரு எண்ணை எழுதி அதன்கீழ் கோடு போட்டாள். "எழுபது. அதுக்குக் கீழ போனா நான் வெளிய விடமாட்டேன். வார்டுதான்."

அன்றைக்கு ரோஷன் பீயிடம் இன்னொன்றும் சொன்னாள். "ஒரு மாசம், அவகிட்ட 'சாப்டியா'ன்னு கேக்காதீங்க. யாரும் கேக்காத பாத்துக்கோங்க. நேரத்துக்குத் தட்டுல வையுங்க. கூட உக்காந்து சாப்பிடுங்க. அவ ஏதாவது சொன்னா பதில் சொல்லாதீங்க. கேளுங்க, போதும்."

சொல்வது சுலபம். தெருவில் யாரைப் பார்த்தாலும் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். மண்டிக்காரர் வருவார், "இன்னா சாஜிதா, சாப்டியா?" தயிர்க்காரி வருவாள், "சாப்டியாம்மே?" ஒவ்வொரு முறையும் ரோஷன் பீ குறுக்கே விழுந்து வேறு பேச்சை எடுப்பாள். அம்மாக்கண்ணுவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தாள்.

"அத்தக் கேக்காத வேற இன்னாத்த கேக்கறது, பாயம்மா?" அம்மாக்கண்ணு நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"எதையாவது கேளுக்கா. மழையப் பத்திக் கேளு."

புரட்டாசியில் எடை எழுபத்திரண்டுக்கு இறங்கியது. ரோஷன் பீக்குத் தூக்கம் போயிற்று. பத்தை கவ்விக் கவ்விக் கட்டைவிரல் புண்ணானதுகூடத் தெரியவில்லை. எழுபது, எழுபது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஐப்பசி பிறந்ததும் எழுபத்து மூன்று, அடுத்த வாரம் எழுபத்து நாலு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கோட்டை மலைப் பாறையெல்லாம் கறுத்து, தண்ணீர் வெள்ளை வெள்ளையாய் வழிந்தது. அந்த ஈரத்திலும் ரோஷன் பீக்கு உடம்பு லேசாக இருந்தது. பேச்சு வேலை செய்கிறது என்று புருஷனிடம் சொன்னாள். அன்வர் பாஷா வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பழைய பால்ரஸ், நட்டு எல்லாம் போட்டுவெச்ச டப்பா எங்க? கடையில இருந்துச்சு. காணம்."

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, மறுநாள் பஸ்ஸுக்குத் துணி எடுத்துவைக்கும்போது சாஜிதாவின் பாவாடை ரோஷன் பீயின் கையில் கனத்தது. இடுப்புப் பட்டியில் உள்பக்கமாகத் துணிப்பை தைத்திருந்தது. உதறினாள். சைக்கிள் நட்டு, அறுந்த செயின் துண்டு, பெடல் கட்டை, குண்டு குண்டாய்ப் பால்ரஸ், எல்லாம் தரையில் உருண்டன.

சாஜிதா வாசற்படியில் நின்றிருந்தாள். ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதம்மா. சொன்னா வார்டுல போட்டுடுவாங்க. கொழா வெச்சுடுவாங்க. சொல்லாதம்மா."

அந்தச் செவ்வாய்க்கிழமை ரோஷன் பீ சொல்லவில்லை. எடைமெஷின் முள் எழுபத்து நாலில் நின்றதைத் தலைகுனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் திருட்டுக்குத் தானும் கூட்டு. அந்த ஏழு நாளும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. மகள் பக்கத்தில் படுத்து மூச்சு விடுகிறாளா என்று விரலை வைத்துப் பார்த்தாள். முன்னி பம்பரம் விடுகிற சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் வழக்கம்போல முதலில், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றுதான் கேட்டாள். ரோஷன் பீ வாய்விட்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

சாஜிதாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பாவாடைப் பட்டியைப் பிரித்துப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தன வாரம் இதைக் கட்டிக்கிட்டா பஸ் ஏறின? இடுப்பு வலிக்கலியா?"

சாஜிதா இடுப்பில் கை வைத்தாள். "புண்ணாயிடுச்சு" என்றாள்.

புண்ணைப் பார்த்து மருந்து போட்டபிறகு எடை பார்த்தார்கள். அறுபத்து ஒன்பதரை.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வார்டுக் கட்டடம் தெரிந்தது. "நான் போட்ட கோடு இது" என்றாள் கடைசியில். "மீறக் கூடாது. ஆனா இன்னிக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட முதல்முதலா உண்மை பேசியிருக்கீங்க. ஒரு வாரம் தர்றேன். மத்தியானம் ஒருவேளை முழுசா, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கூடச் சாப்பிடணும். அடுத்த செவ்வாய் கால் பவுண்டு குறைஞ்சாலும் பேச்சு கிடையாது. மயக்கம் வந்தா செவ்வாய் வரைக்கும் காத்திருக்காதீங்க."

தாயும் மகளும் செஞ்சியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் கூட்டமாக நின்று மேற்கே கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேகம் விலகின இடத்தில் நூல் மாதிரி பிறை. ரமலான் பிறந்துவிட்டது. ரோஷன் பீ கையேந்தி துஆ கேட்க மறந்து நின்றாள். ஊரே பகலில் சாப்பிடாமல் இருக்கப்போகிற மாதம். அதில் முதல் ஏழு நாள்தான் டாக்டர் கொடுத்த தவணை.

"நானும் நோன்பு வெப்பேன்" என்றாள் சாஜிதா வீட்டுக்குள் நுழைந்ததும்.

"சீக்காளிக்கு நோன்பு கெடையாது. அல்லாவே விட்டுக் குடுத்திருக்கான்" என்றார் அன்வர் பாஷா.

"நான் சீக்காளி இல்ல அத்தா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரோஷன் பீ கண்ணைக் காட்டினாள். அவர் எழுந்து தொழப் போய்விட்டார்.

முதல் நாள் மத்தியானம் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்து, மகளுக்கு எதிரே ரோஷன் பீ உட்கார்ந்தாள். அவளுக்கு நோன்பு. சாஜிதா தட்டைத் தொடவில்லை.

"நீ எச்சில்கூட முழுங்காத உக்காந்திருக்க. உம் மூஞ்சிக்கு நேரா நான் எப்படிம்மா சாப்பிடறது?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ரோஷன் பீ எழுந்து கொல்லைப் பக்கம் போய் அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு கூழ்ச் சட்டியும் வறுத்த மிளகாயுமாக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"தளவானூர்ல எங்க நைனா வூட்ல ஒரு மாடு இருந்துச்சு சாஜிதா. அது இன்னா பண்ணும் தெரியுமா, நெழலுக்குன்னு கொகைக் கோயிலுக்குள்ள போய்ப் படுத்துக்கும். வெளிய இழுக்க நாலு ஆளு வேணும். ஒரு தபா சாமி கும்பிட வந்தவங்க இருட்டுல அது மேலயே வுழுந்துட்டாங்க."

கூழை உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவே மாட்டின் கதை நீண்டுகொண்டே போயிற்று. சாஜிதா நாலு கவளம் சாப்பிட்டாள். மறுநாள் ஆறு. அதற்கு அடுத்த நாள் பாதித் தட்டு. ரோஷன் பீ அடுப்பங்கரையிலிருந்து கவளத்தை எண்ணுவாள். எண்ணக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து சுவரைப் பார்ப்பாள். மறுபடி எண்ணுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாக்கண்ணு வந்து சொன்னாள். "பாயம்மா, தொண்டூர்ல எங்க சின்ன மாமனார் செத்துட்டாரு. நாளைக்கு வரமுடியாது. கோவிச்சுக்காத."

விடியுமுன் எழுந்து புருஷனுக்கு சஹர் சாப்பாடு போட்ட ரோஷன் பீ, அன்றைக்கு நோன்புக்கு நிய்யத் வைக்கவில்லை. பள்ளிவாசல் அசரத்திடம் கேட்கவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. நாற்பது வயது வரப்போகிற அவள், நினைவு தெரிந்த நாளிலிருந்து காரணமில்லாமல் ஒரு நோன்பையும் விட்டவள் இல்லை. காரணம் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் முன்னியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு தட்டு வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். பிஸ்மில்லா சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

"அம்மா!" சாஜிதா கத்திவிட்டாள். "அம்மா, நோன்பு!"

"இன்னிக்கு இல்ல."

"எனக்காகவா? துப்பும்மா. துப்பிடு. என்னால உனக்குப் பாவம் வரக்கூடாது."

ரோஷன் பீ மென்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். "அது எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல இருக்கறது. நீ உக்காரு."

சாஜிதா உட்காரவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று அழுதாள். ஒரு வருடமாகச் சாத்தியிருந்த வாய் அப்போது திறந்துகொண்டது.

"போன ரமலான்ல என் சோத்த முன்னிக்குத் தள்ளினேன் இல்ல? நீ தெருவெல்லாம் சொன்ன. எம் பொண்ணு மாதிரி யார் வூட்லயாவது உண்டான்னு சொன்ன. அதுக்கு முன்னாடி என்னப் பத்தி நீ ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்லம்மா. ஒரு நாளும் இல்ல. முன்னி சிரிச்சா சொல்லுவ. முன்னி ஓதினா சொல்லுவ."

ரோஷன் பீக்கு, அப்படி இல்லடி, நீ மூத்தவ, உன்ன நெனைக்காத நாள் உண்டா என்று நாக்கு நுனி வரை வந்தது. பதில் சொல்லாதீங்க, கேளுங்க. பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்புறம் பசிச்சா பயமா இருந்துச்சு. நாலு வாய் கூடத் தின்னா, அந்த நல்ல பொண்ணு போயிடுவா, நீ பழையபடி என்னப் பாக்கமாட்டன்னு. இப்ப பசியும் தெரியல. சாப்பிடணும்னு நெனைச்சாக்கூடக் கை வரமாட்டேங்குது. நான் சும்மா வீம்புக்குப் பண்றேன்னு அத்தா நெனைக்கறாரு. வீம்பு இல்லம்மா."

"அப்புறம்?"

"டாக்டரம்மாகிட்ட இதெல்லாம் எப்பவோ சொல்லிட்டேன். உங்கம்மாகிட்டச் சொல்லுன்னாங்க. முடியாதுன்னேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ரோஷன் பீ முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நான் சொன்னது தப்புதான். உன் பட்டினியப் பத்திப் பெருமை பேசிட்டேன்" என்றாள். அடுத்த கவளத்தைப் பிசைந்து தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து சாஜிதா வந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள். மூன்றாவது கவளத்தில் குமட்டி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிற்பகல் அசர் பாங்கு சொல்லும்வரை ஆயிற்று, தட்டு காலியாக. இருவருமாகத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எடைமெஷின் முன்னால் ரோஷன் பீ கண்ணை மூடிக்கொண்டாள். "எழுபதே கால்" என்ற குரல் கேட்டுத்தான் திறந்தாள். டாக்டர் சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. பாவாடைப் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போலப் பேச உட்கார்ந்தாள்.

எடை ஒரே ஏற்றமாக ஏறிவிடவில்லை. பங்குனி வெயிலில் மறுபடி இறங்கியது. மூன்று நாள் சாஜிதா எதையும் தொடாமல் கிடந்தாள், அன்வர் பாஷா வண்டி பேசி அவளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தது. வார்டில் ஐந்து நாள் படுக்கவைத்தார்கள், குழாய் வைக்காமலே பாலைக் குடித்தாள். அதற்கப்புறம் மறுபடி செவ்வாய்க்கிழமை பஸ். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கூடவந்து பெஞ்சில் உட்காருகிற பெண்களிடம் ரோஷன் பீ இப்போது முக்காட்டை இழுத்துக்கொள்ளாமல் ஊர் பேர் கேட்டாள். பேசினால் சரியாகிவிடுமா என்று அவர்கள் கேட்டால், "ஆவும்னும் சொல்லமுடியாது, ஆவாதுன்னும் சொல்லமுடியாது. பேசிட்டே இரு" என்பாள்.

விட்டுப்போன ஒரு நோன்பை அடுத்த ரமலானுக்குள் பிடித்துத் தீர்க்க வேண்டும். ரோஷன் பீ தள்ளித் தள்ளிப் போட்டாள். மகளுக்கு முன்னால் மறுபடி பட்டினியாக உட்கார அவளுக்குப் பயம். ஐப்பசி கடைசியில், சாஜிதா எண்பத்தாறு பவுண்டு இருந்த சமயம், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்தாள்.

மத்தியானம் மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். சாஜிதா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தவள் நின்றாள். அம்மாவின் காய்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"நோன்பா?"

"ம்."

"அந்த நோன்பா?"

ரோஷன் பீ தலையாட்டினாள். பத்தையைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடும்மா என்று சொல்லலாமா, சொன்னால் தப்பாகிவிடுமா, ஒன்றும் புரியவில்லை.

சாஜிதா பயற்றுக் குவியலை ஒதுக்கிவிட்டு அம்மாவுக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிசைந்தாள். சாப்பிட்டாள். சைக்கிள் கடையில் புதிதாக வந்த லேடீஸ் சைக்கிளைப் பற்றி வாய் நிறையச் சோற்றோடு பேசினாள். பாதியில் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மீன் கொழம்புல உப்பே இல்லம்மா."

"நான் இன்னிக்கு எங்கடி ருசி பாத்தேன்?"

"இன்னும் கொஞ்சம் ஊத்து. உப்பையும் எடுத்தா."

ரோஷன் பீ மடியிலிருந்த தோலை உதறிக்கொண்டு எழுந்தாள்.